குறிப்பிடத்தக்கமை: யார் போட்ட குறி?

மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு டீக்கடை. எதிரே உட்கார்ந்திருந்த தம்பி தடிமனான ஃபைல் ஒன்றை மேசையில் வைத்தார். அவருடைய ஜூடோ மாஸ்டரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் அதை நீக்கிவிட்டார்கள். காரணம் ஒற்றை வரி: "குறிப்பிடத்தக்கமை இல்லை."

"முப்பது வருசமா ஜூடோ பாய்ல நிக்கிறவருக்குத் தகுதி இல்லைன்னு சொல்ல இவங்க யாருண்ணே?"

அவர் படித்த சொல் ஒன்று, மனதில் தைத்த சொல் வேறொன்று. எழுதியிருந்தது குறிப்பிடத்தக்கமை, அவருக்குக் கேட்டது தகுதி. பாதிச் சண்டைக்கு இந்தச் சொல்லே காரணம் என்பது என் எண்ணம்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அடியில் இருப்பது 'குறி'. மாட்டுக்குச் சூடு போடுவதும் குறி, உண்டிவில்காரன் பார்ப்பதும் குறி, கோடாங்கி சொல்வதும் குறி. எல்லாமே ஓர் அடையாளத்தைச் சுற்றி வருபவை. குறியிலிருந்து குறிப்பு, அதிலிருந்து குறிப்பிடு. அதோடு 'தக்க' சேர்ந்து, 'மை' விகுதி ஏறியது. ஆங்கிலத்தில் நோட்டபிலிட்டி என்பார்கள். அதன் வேர் லத்தீனில் 'நோட்டா': அடையாளம், குறி. (வாக்கு இயந்திரத்தின் கடைசிப் பொத்தானுக்கும் இதற்கும் உறவில்லை.) 'நோட்டாபிலிஸ்' என்றால் குறித்துக்கொள்ளத் தக்கது. ஆக, தமிழாக்கம் எலும்புக்கு எலும்பு பொருந்துகிறது. குறை சொல்ல வழியில்லை.

சிக்கல் 'தக்க'வில் இருக்கிறது. தகுதி, தகவு, தகைமை, கோயில் தக்கார் என்று அந்த அடியில் பிறந்தவை எல்லாம் ஆளை எடைபோடும் சொற்கள். 'குறிப்பிடத்தக்கவர் அல்லர்' என்றால் தமிழ்க் காதுக்கு அது அவமதிப்புதான். கலைக்களஞ்சியக்காரர்கள் கேட்பதோ ஆளின் எடையை அன்று. அவரோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க சிலர் அவரைப் பற்றி விரிவாக ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா? கேள்வி அவ்வளவே.

இந்தக் கேள்வி அச்சுக் காலத்தில் இப்படி எழவில்லை. ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணியை 1910-இல் வெளியிட்டது நம்மூர்த் தமிழ்ச் சங்கம். எது உள்ளே, எது வெளியே என்பது தொகுத்தவர் முடிவு. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பெரியசாமித் தூரன் தலைமையில் ஆசிரியர் குழு இருந்தது. காகிதமும் செலவும் தாமே சல்லடையாக நின்றன. இணையத்தில் பக்கத்துக்குப் பஞ்சமில்லை, எழுதுபவரும் யாரோ எவரோ. ஆகவே சல்லடை சான்றின் கைக்குப் போனது.

எழுதப்பட்டிருக்க வேண்டும், அதையும் பிறர் எழுதியிருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிதில்லை. வைகைப் பள்ளத்தாக்கில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில் இருப்பது மூன்றே வரி: பேடு தீயன் அந்தவன், கூடல் ஊர் ஆகோள் (மாடு கவர்தல்), அவனுக்கான கல். ஆநிரைப் பூசலில் விழுந்தவன் தன் கல்லைத் தானே நட்டிருக்க முடியாது. அவனோடு எத்தனை பேர் விழுந்தார்களோ, அவர்களும் வீரர்கள்தாம். நமக்குத் தெரிவது அந்தவனை மட்டும்.

சரி, வேறு சொல் உண்டா? புகழ், பிரபலம், பிரசித்தி எதுவும் உதவாது. ஊரே அறிந்த பரோட்டா மாஸ்டர் பிரபலம். அவரைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டிருக்காது. 'பேர்போனவர்' அழகான சொல்தான், ஆனால் பேர் யார் வாயில் போனது என்று அது சொல்வதில்லை. 'பதிவுத் தகுதி' என்றால் மறுபடி தகுதி, போதாததற்குச் சார்பதிவாளர் அலுவலக வாடை வேறு. என் பரிந்துரை 'குறிப்புடைமை'. குறள் அதிகாரங்களில் அடக்கமுடைமை, பண்புடைமை என்று கேட்டுப் பழகிய அமைப்பு. குறிப்புகளை உடையதாயிருத்தல், அவ்வளவுதான். குறிப்புடைமை இல்லை என்றால் யாரும் இன்னும் எழுதவில்லை என்று பொருள்படும். மாஸ்டருக்கு அதில் இழுக்கில்லை.

பயிற்றுநர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம். குறி விழுவது பதக்கம் வாங்கிய பிள்ளையின் மேல். மாணவியின் குறிப்பு ஆசானுக்குத் தானாக ஒட்டாது. ஒட்டியவர்களும் உண்டு. 1882-இல் டோக்கியோவில் 12 பாய் விரித்த கூடத்தில் கோடோகான் பள்ளியைத் தொடங்கி ஜூடோவையே வகுத்த கனோ ஜிகோரோ அடிப்படையில் ஒரு வாத்தியார். இந்தியாவில் பி.டி. உஷாவின் பயிற்றுநர் ஓ.எம். நம்பியார், 1985-இல் துரோணாச்சாரியார் விருது தொடங்கியபோது முதலில் பெற்ற மூவரில் ஒருவர். அவர் பெயரில் தனிக் கட்டுரை வேண்டுமா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

தம்பியின் ஃபைலில் பதினொரு தாள்கள். ஒன்பது போட்டி முடிவுச் செய்திகள், எல்லாம் ஒரே வார்ப்பு. தங்கம் இவர், வெள்ளி இவர், கடைசி வரியில் "இவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது."

"பாருங்கண்ணே, குறிப்பிடத்தக்கதுன்னு பேப்பரே போட்டிருக்கான்!"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். செய்தியை எப்படி முடிப்பதென்று தெரியாதபோது நம் நிருபர்கள் போடும் முற்றுப்புள்ளி அது. கூட்டத்தில் அமைச்சர் கலந்துகொள்ளாததும் குறிப்பிடத்தக்கதுதான், ஆடி மாதம் காற்றடித்ததும் குறிப்பிடத்தக்கதுதான். (போகிற போக்கில்: பயிற்சியாளர் என்பது பயிற்சி தருபவரா, பெறுபவரா என்று குழப்பும், பயிற்றுநர் என்றால் குழப்பமில்லை.)

பத்தாவது, மாஸ்டரின் சங்கமே அச்சிட்ட ஆண்டு விழா மலர். புகழுரை நான்கு பக்கம், ஆனால் அது தன் கல்லைத் தானே நட்ட கதை.

பதினொன்றாவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரைப்பக்கக் கட்டுரை. முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறார், கையால் பாயை அறைந்து விழுகிற சத்தத்தை வைத்தே யார் சரியாக விழுந்தார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் சொல்கிறார் என்று நிருபர் நேரில் பார்த்து எழுதியிருந்தார். கலைக்களஞ்சியக்காரர்கள் கேட்கிற குறிப்பு இதுதான். இதுபோல இன்னும் இரண்டு இருந்தால் கட்டுரை நிற்கும் என்றேன்.

"எந்தப் பேப்பர், என்னைக்கு வந்துச்சு தம்பி?"

படமும் எழுத்தும் மட்டும் இருக்கும்படி கத்தரியால் அழகாக வெட்டி, பின்னால் வெள்ளை அட்டை ஒட்டி, லேமினேட் செய்திருந்தார்கள். பேப்பர் பெயரும் போயிற்று, தேதியும் போயிற்று. வலது மேல் ஓரத்தில் கத்தரிக்குத் தப்பிய இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன: 'யிறு'. எந்த வருசத்து ஞாயிறு என்று மாஸ்டரிடம் கேட்டு வருவதாகத் தம்பி வண்டியை எடுத்தார்.