நாலாவது வரியில் ஒரு திருத்தம்

மதுரையின் வெளிவீதிகளை ஒட்டிய அச்சகங்களில் முகூர்த்த மாதம் நெருங்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பெண் வீட்டார் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நாலாவது வரியில செல்வன்னு இருக்குல்ல, அதைத் திருநிறைச்செல்வன்னு மாத்திட்டு, அந்த வரியை மட்டும் ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க" என்பார்கள். பேசுபவரும் திருத்துபவரும் ஒரே தாளைப் பார்க்கவில்லை. ஆகவே எந்த இடம், என்ன மாற்றம் என்பதைச் சொல்லால் குறித்து, மாற்றியதைத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். கணினியில் உரையைத் திருத்துவதற்கு எழுதப்பட்ட முதல் தலைமுறை நிரல்களும் ஏறத்தாழ இந்த உரையாடலைத்தான் நடத்தின.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய உரைத்திருத்தியின் பெயர் ஈ.டி. (இன்றைய செய்தித்தாளில் அந்த இரண்டெழுத்தைப் பார்த்தால் அமலாக்கத் துறைதான் நினைவுக்கு வரும், இது அதைவிடச் சாதுவானது.) 1960-களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் உருவாக்கிய கியூ.ஈ.டி. என்ற நிரலே அதன் முன்னோடி. அழைப்பிதழில் சொன்ன அதே திருத்தத்தை ஈ.டி.யிடம் சொல்ல வேண்டுமானால் 4எஸ்/செல்வன்/திருநிறைச்செல்வன்/பி என்று ஒரே வரியில் தட்டலாம். 4 என்பது வரியின் முகவரி. 'எஸ்' பதிலீடு செய்யச் சொல்லும் கட்டளை. சாய்கோடுகளுக்கு இடையே பழைய சொல்லும் புதிய சொல்லும். கடைசி 'பி', மாறிய வரியை அச்சிட்டுக் காட்டு என்ற வேண்டுகோள். அந்தப் 'பி'யைத் தட்டாவிட்டால் நிரல் எதையும் காட்டாமல் வேலையை முடித்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். கட்டளையில் பிழை இருந்தால் வருவது ஒரே ஒரு கேள்விக்குறி.

இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு என்று இன்று தோன்றுவது இயல்பே. ஆனால் அன்று 'அச்சிடு' என்றால் உண்மையிலேயே தாளில் அச்சிடுவதுதான். டெலிடைப் 33 போன்ற கருவிகளில் திரை கிடையாது. தட்டச்சுப் பொறியைப் போல உருளைத் தாளில் நொடிக்கு 10 எழுத்துகள் வீதம் அடித்துக்கொண்டே போகும். 72 எழுத்துகள் கொண்ட ஒரு முழு வரிக்கு 7 நொடிகளுக்கு மேல். பிழைச் செய்தியை நீட்டி முழக்கினால் அதை வாசிப்பதற்கு முன்பே பொறுமை தீர்ந்துவிடும். அடித்ததை அழிக்கவும் வழியில்லை. அதன் துணையாக இருந்த, எழுத்துகளைத் துளைகளாகப் பதித்து வைக்கும் காகிதத் துளைநாடாவின் நிலையும் அதுவே: ஓலையில் எழுத்தாணியால் கீறியதைப் போல, போட்ட துளையை மூட முடியாது. தவறான எழுத்தின் மேல் ஏழு இடங்களிலும் துளையிட்டுவிட்டால், 'இதை எண்ணாதே' என்று பொருள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் நீக்கக் குறிக்கு 127 என்ற எண் அமைந்ததன் காரணம் இதுதான். ஏழு பிட்டுகளும் ஒன்றாக இருக்கும் எண் 127.

ஈ.டி.யின் உள்ளமைப்பில் எனக்குப் பிடித்த பகுதி, வரிகளை அது வைத்திருந்த விதம். கோப்பின் உரை முழுவதும் வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் கிடக்கும். நினைவகத்தில் இருப்பது ஒவ்வொரு வரியும் அங்கே எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பட்டியல் மட்டுமே. பத்தாம் வரியை மூன்றாம் வரிக்குப் பின் நகர்த்தச் சொன்னால், ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பவர் வரியையே பெயர்த்து வைப்பதைப் போல நிரல் எதையும் பெயர்ப்பதில்லை. பட்டியலில் எண்கள் இடம் மாறுகின்றன, உரை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

தாம்சன் இதில் சேர்த்த இன்னொன்று, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வடிவக் குறிப்பு. குறிப்பிட்ட சொல்லைத் தேடுவதற்கு மாறாக 'எண்ணில் தொடங்கும் வரி', 'நடுவில் ஏதேனும் ஓர் எழுத்து' என்று வடிவத்தைச் சொல்லித் தேடலாம். கோப்பு முழுவதும் அந்த வடிவம் உள்ள வரிகளை அச்சிடச் சொல்லும் கட்டளை ஜி/ஆர்.இ./பி என்று அமையும்: 'ஜி' என்றால் கோப்பு முழுவதும், 'ஆர்.இ.' என்றால் வடிவக் குறிப்பு, 'பி' என்றால் அச்சிடு. ஈ.டி.யின் கொள்ளளவுக்கு மீறிய பெரிய கோப்புகளிலும் தேட வேண்டியிருந்ததால் இந்த ஒரு வேலையைத் தனி நிரலாகப் பிரித்தெடுத்தார்கள். கட்டளையின் எழுத்துகளே சேர்ந்து அதற்குக் 'கிரெப்' என்ற பெயராயின.

கணினியோடு பேசத் திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையங்கள் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. லண்டன் குவீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் குலூரிஸ், ஈ.டி.யைச் சற்று இளக்கி 'எம்' என்ற திருத்தியை எழுதினார். சாதாரண மனிதர்களுக்கான திருத்தி என்பது அப்பெயரின் விரிவு. 1976-இல் பெர்க்லியில் அதைக் கண்ட பில் ஜாய், சக் ஹேலியுடன் சேர்ந்து 'எக்ஸ்' என்ற வரித்திருத்தியைத் தொடங்கினார். அதன் திரை வடிவமே வி.ஐ. கணினியோடு தொலைபேசி வழியே இணைக்க அவர் பயன்படுத்திய மோடத்தின் வேகம் 300 பாட், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட திரையை ஒருமுறை முழுவதும் நிரப்ப 1,920 எழுத்துகள், அதற்கு 64 நொடிகள். ஒரு சொல்லை மாற்றியதற்காகத் திரையை மீண்டும் வரைவது நடக்கிற காரியமில்லை. எனவே வி.ஐ., திரையில் இப்போது இருப்பதையும் இருக்க வேண்டியதையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தை மட்டும் அனுப்பியது. ஜாய் பயன்படுத்திய ஏ.டி.எம். 3ஏ என்ற முனையத்தில், எழுத்து விழும் இடத்தைக் காட்டும் சுட்டியை எங்கே வேண்டுமானாலும் கொண்டு வைக்க 4 எழுத்துகள் போதும். இணைப்பு 1,200 பாடுக்குக் குறைவு என்றால் வி.ஐ. 8 வரிகள் கொண்ட சிறிய சாளரத்தோடு ஒதுங்கிக்கொள்ளும்.

அந்த முனையத்தின் விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை வரைந்திருந்தார்கள். வி.ஐ.யில் இன்றும் சுட்டியை நகர்த்துபவை அந்த நான்கு எழுத்துகளே. ஆஸ்கியில் பின்னோக்கி நகரும் குறி கண்ட்ரோல்-எச், அடுத்த வரிக்கு இறங்கும் குறி கண்ட்ரோல்-ஜே என்பதைப் பார்த்தால், அம்புகள் அங்கே வரையப்பட்டதும் தற்செயல் அன்று எனத் தெரியும்.

மதுரைக் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில், வி.ஐ.யைத் திறந்துவிட்டு வெளியேறத் தெரியாமல் கணினியையே அணைத்த மாணவரைப் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு என்ற பிரிவு ஈ.டி.யிலிருந்தே வருவது. வெளியேறத் தட்ட வேண்டிய முக்காற்புள்ளி (:), திரையின் அடியில் அந்தப் பழைய வரித்திருத்திக்குள் நுழையும் வாசல். அங்கே 4எஸ் என்று தொடங்கும் நம் அழைப்பிதழ்க் கட்டளையை அப்படியே தட்டலாம், வேலை செய்யும்.

தமிழில் தட்டும்போது மட்டும் ஒரு சிக்கல். வடிவக் குறிப்பில் ஒரு புள்ளி என்பது 'ஏதேனும் ஓர் எழுத்து'. தாளில் ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து விழுந்த காலத்தில் அந்த விதியில் குழப்பமே இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் இன்றைய யூனிகோடில் 'மதுரை' என்பது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறிகள். யூனிகோடு அறிந்த நிரலிடம் கடைசி எழுத்தை நீக்கச் சொன்னால், 'மது' என்று மிஞ்சும் என எதிர்பார்ப்போம். திரையில் மிஞ்சுவது 'மதுர'.