பிசுபிசுக்கும் வினைலுக்கு ஃபேன் போடாதீர்கள்

லேடெக்ஸ் மெஷினில் அடித்த பிரிண்ட் பிசுபிசுக்கிறது என்று நான் போன கடைகளில், ஒரே வாரத்தில் இது மூன்றாவது. சென்னையில்தான். மருத்துவமனை வரவேற்பறைச் சுவருக்காக அடித்த வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்), லேமினேட் செய்த மறுநாளே கறுப்பு அடர்ந்த இடங்களில் மட்டும் லேமினேஷன் எழும்பி நின்றது. நான் போனபோது மிச்ச பிரிண்டுகளைத் தரையில் விரித்து, பெடஸ்டல் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். "ராத்திரி பூரா ஃபேன் ஓடுது சார். மழைக்காலம், ஈரம் காயவே மாட்டேங்குது" என்றார் ஆபரேட்டர் தம்பி.

தயவுசெய்து இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். லேடெக்ஸ் பிரிண்டைத் தொட்டால் விரலில் எண்ணெய் போல ஒட்டுவது மழை ஈரம் அல்ல. தண்ணீரே அல்ல.

சால்வென்ட் மெஷினில் (கரைப்பான் இங்க்கில் அடிப்பது) கை பழகியவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம். அங்கே பிரிண்டை ஒரு நாள் விரித்துப் போட்டால் கரைப்பான் மெல்லப் பறந்துவிடும், அப்புறம் லேமினேட் செய்யலாம். லேடெக்ஸ் வேறு. 2008-இல் ஹெச்பி இதைக் கொண்டுவந்ததிலிருந்து இதன் பெரிய வசதியே, மெஷினை விட்டு வெளியே வரும்போது பிரிண்ட் தயாராக இருப்பதுதான். இங்க்கில் பெரும்பங்கு தண்ணீர். கூடவே நிறமி, நுண்ணிய பாலிமர் துகள்கள், லேசில் ஆவியாகாத கரைப்பான் கொஞ்சம். (பெயர்தான் லேடெக்ஸ், இயற்கை ரப்பர் இதில் கிடையாது. மருத்துவமனையில் ரப்பர் அலர்ஜி பற்றிக் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.) சூட்டில் தண்ணீர் முதலில் போய்விடும். கரைப்பானும் போய், துகள்கள் இளகி ஒன்றாகச் சேர்ந்து படலமானால்தான் வேலை முடிந்தது. சூடு போதாவிட்டால் கரைப்பான் மேலேயே தங்கிவிடும். உங்கள் விரலில் ஒட்டுவது அதுதான். பாதி வெந்த இட்லியை ஃபேனுக்கு அடியில் வைத்தால் வேகுமா? மொட்டை மாடி வெயிலும், மெஷினில் இங்க்கைப் படலமாக்கும் க்யூரிங் ஹீட்டரின் சூட்டுக்குப் பக்கத்தில் வராது. தூசிதான் ஒட்டும்.

சரி, சூடு ஏன் போதவில்லை? மெஷினில் பார்த்தேன். க்யூரிங் வெப்பம் அந்த வினைலுக்கு உரிய ப்ரொஃபைலில் (மெஷினில் பதிந்திருக்கும் அமைப்பில்) இருப்பதைவிட 10 டிகிரி குறைவு. "வினைல் சுருங்குது சார், அதான் குறைச்சேன்" என்றார். ஏன் சுருங்கியது? ரோல்கள் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். பாத்ரூம் சுவரை ஒட்டி, பிளாஸ்டிக் உறை கிழிந்து, வெறும் தரையில் நின்றன. பின்பக்கப் பேப்பரின் ஓரத்தை நகத்தால் நெருடினேன். மொறமொறப்பே இல்லை, நமுத்த அப்பளம் மாதிரி வளைந்தது.

ஈரம் இங்கேதான் இருந்தது, பிரிண்டில் இல்லை. பேப்பர் குடித்த ஈரம் ஹீட்டரில் ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி வெளியேறி வினைலை அலையலையாக்கியது. அதற்குப் பயந்து சூட்டைக் குறைத்தார். அவசரம் என்று பாஸையும் (ஹெட் ஒரே இடத்தின் மேல் எத்தனை தடவை போகிறது என்பதை) குறைத்தார். கறுப்பில் இங்க் அதிகம், சூடு குறைவு, நேரமும் குறைவு. அந்த ஜாப்பைத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ரோலைத் தரையில் வைக்காதீர்கள். உபயோகித்த ரோலை மறுபடி உறைக்குள் போட்டு ஓரத்தைச் சுருட்டி ஒட்டுங்கள். ஒரு நாள் முன்பே மெஷின் அறைக்குக் கொண்டுவாருங்கள். ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போனால், காலையில் அறை பழைய நிலைக்கு வந்த பிறகு அடியுங்கள். சுருக்கம் வந்தால் முதலில் ரோலை மாற்றிப் பாருங்கள், சூட்டில் கை வைக்காதீர்கள். பிசுபிசுத்தால் பாஸைக் கூட்டுங்கள், இங்க் அளவைக் குறையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் வெப்பத்தை ஐந்து ஐந்து டிகிரியாக ஏற்றுங்கள். அறையில் காற்றோட்டம் வேண்டும். இல்லாவிட்டால் ஆவி மெஷினுக்குள்ளேயே துளியாகி பிரிண்ட் மேல் சொட்டும்.

லேமினேட்டரில் ஏற்றும் முன், கறுப்பு அடர்ந்த ஓரிடத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் லேசாகக் கறை பட்டாலும் அந்த ரோலை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.