ஆப்பிளில் தொலைந்த துவர்ப்பு

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கிங்ஸ்டன் பிளாக் என்றொரு பழைய ஆப்பிள் ரகம் உண்டு. சைடர் என்ற மதுவுக்காக வளர்ப்பது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று கடித்தால் வாய் உலர்ந்து, நாக்கு இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் புரோசயனிடின்கள் என்னும் சங்கிலி மூலக்கூறுகள். உமிழ்நீரில் உள்ள புரதங்களை இவை பிடித்துக் கட்டிவிடுவதால் வாயின் வழுவழுப்புப் போய்விடுகிறது.

ஆப்பிள் உடம்புக்கு நல்லது என்று சொல்லும்போது பலரும் வைட்டமின் சி-யை நினைப்பார்கள். உண்மையில் 100 கிராம் ஆப்பிளில் அது 5 மில்லிகிராம் அளவுதான். ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போவது பாலிஃபீனால்களை: புரோசயனிடின், எபிகேட்டச்சின், குளோரோஜெனிக் அமிலம், குவர்செடின். பூச்சியும் பூஞ்சையும் அண்டாதிருக்க மரம் செய்துகொள்ளும் காப்புகள் இவை.

ஆனால் துவர்க்கும் பழத்தை யார் வாங்குவார்கள்? கடைக்கான ரகங்களை உருவாக்கியவர்கள் இனிப்பையும் மொறுமொறுப்பையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். துவர்ப்பு தானாகக் கழிந்தது. போதாக்குறைக்கு வம்சமும் குறுகியது. காலா, ஜோனாகோல்ட், பிங்க் லேடி மூன்றுக்கும் பெற்றோரில் ஒன்று கோல்டன் டெலிசியஸ். சாதுவான இனிப்புக்குப் பெயர்போன ரகம் அது.

வெட்டிய துண்டு பழுப்பாவதும் இதே பாலிஃபீனால்களின் வேலைதான். செல்லுக்குள் அவை ஓர் அறையிலும், அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் சுவர்கள் உடைந்து இரண்டும் காற்றோடு கலக்க, பழுப்பு நிறமிகள் உண்டாகின்றன. அப்படியானால் சீக்கிரம் கறுக்கும் ஆப்பிள்தான் சத்தானதா? அவசரப்பட வேண்டாம். கறுப்பதற்குச் சரக்கும் வேண்டும், நொதியும் வேண்டும். அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்ற ஆர்க்டிக் ஆப்பிளில் மரபணு மாற்றத்தால் அந்த நொதியை அடக்கிவிட்டார்கள். அது கறுக்காது, பாலிஃபீனால் இல்லாததால் அல்ல, அது செலவாகாததால்.

‘பழைய ரகம் என்றால் உசத்தி’ என்பதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். சைடர் ரகங்களில் பாலிஃபீனால் கொட்டிக்கிடப்பது உண்மை. ஆனால் பழைய ரகங்களுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு நிறைய. கடைச் சரக்கின் அடையாளமே ஆகிவிட்ட ரெட் டெலிசியஸில் பாலிஃபீனால் குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஒரே மரத்தில்கூட வெயில் பட்ட பழத்தின் தோலும் நிழலில் தொங்கியதன் தோலும் ஒன்றல்ல.

தோல் என்றதும் ஒன்று. குவர்செடின் ஏறக்குறைய முழுவதும் தோலில்தான் இருக்கிறது. சிவப்பு தரும் ஆந்தோசயனினும் பெரும்பாலான ரகங்களில் அங்கேதான். எந்த ரகம் என்று ஆராய்ந்து வாங்கிவிட்டுத் தோலைச் சீவி எறிந்தால் என்ன பயன்? தெளிந்த ஜூஸிலும் இழப்புதான்: புரோசயனிடின்களில் பெரும்பகுதி சக்கையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

சரி, தின்ற பிறகு? நீளமான புரோசயனிடின்கள் சிறுகுடலில் உறிஞ்சப்படுவதே இல்லை என்று சொல்லலாம். பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகள் உடைத்த பிறகே சிறு துண்டுகளாக ரத்தத்தில் சேர்கின்றன. சோதனைக்குழாயில் ‘ஆன்டிஆக்சிடென்ட்’ என்று பெரிய எண் காட்டியதாலேயே உடம்புக்குள்ளும் அதே வேலை நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஆப்பிள் குடும்பத்துக்கே உரிய ஒரு பொருள் மட்டும் வேறு வழியில் மருந்துக்கடைக்குப் போனது. அதன் பெயர் ஃப்ளோரிட்சின். 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறது என்று 1886-ல் ஜெர்மன் மருத்துவர் ஜோசஃப் ஃபான் மெரிங் காட்டினார். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வாசலை அது அடைக்கிறது. ஆனால் வாய்வழி கொடுத்தால் குடலிலேயே சிதைந்துவிடும். அதனால் அதன் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்று நீரிழிவுக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை. பழத்தின் சதையிலோ ஃப்ளோரிட்சின் சொற்பம். பட்டையிலும் இலையிலும் விதையிலும்தான் மரம் அதைச் சேர்த்து வைக்கிறது.