எல்.சி. வந்ததும் நூல் வாங்கப் போகாதீர்கள்

திருப்பூரில் சின்ன யூனிட் நடத்தும் ஒருவருக்கு 10,000 டி-ஷர்ட்டுக்கு எல்.சி. வந்தது. எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்பது, கேட்ட பேப்பரைச் சரியாகக் கொடுத்தால் பணம் தருவதாக பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம். கூடுதலாகத் தேறிய 180 பீஸையும் பெட்டியில் போட்டு, இன்வாய்ஸில் 10,180 என்று எழுதினார். பையரின் வங்கி பேப்பரை (இன்வாய்ஸ் போன்ற ஆவணங்களை) ஏற்கவில்லை. சரக்கு துறைமுகத்தில் கிடக்க, பையர் தள்ளுபடி கேட்டார். வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். பீஸ் கணக்கில் போகும் சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதை யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கைக்கும் தொகைக்கும் முன்னால் 'அபவுட்' என்ற சொல் இருந்தால் பத்து சதவீதம் வரை ஏறி இறங்கலாம். அதை ஆர்டர் பேசும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

பெரும்பாலான எல்.சி.க்கு 2007 ஜூலை முதல் யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதித்தொகுப்புதான் விதி. அதன்படி வங்கி பார்ப்பது பேப்பரை மட்டுமே, சரக்கை அல்ல. துணி மட்டம் என்று பையர் சொன்னாலும் பேப்பர் சரியாக இருந்தால் வங்கி பணம் தந்தாக வேண்டும். அதனால்தான் பையர் தரப்பில் பேப்பரில் குறை தேடுகிறார்கள்.

எல்.சி.யில் கேட்கும் பேப்பர்களில் 'பையர் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்ஷன் சர்டிபிகேட்' என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் பணம் கிடைப்பது அவர் கையெழுத்தைப் பொறுத்தது. அந்த வரியை நீக்கி எல்.சி.யில் திருத்தம் வரும்வரை நூல் வாங்காதீர்கள்.

அப்புறம் நாள் கணக்கு. ஷிப்மென்ட் ஆகி 21 நாளுக்குள் பேப்பர் கொடுக்க வேண்டும், எல்.சி.யில் 10 நாள் என்று போட்டிருந்தால் 10 தான். எல்.சி. எந்த ஊரில் காலாவதியாகிறது என்பதையும் பாருங்கள். பையரின் ஊர் என்றிருந்தால், கூரியரில் போகும் நாளும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

நம் ஊர் வங்கியில் கேட்டால், "அனுப்பியாச்சு சார், பதில் வரலை" என்பார்கள். வாரக்கணக்கில் இதே பதில். எல்.சி. கொடுத்த வங்கி பேப்பர் கிடைத்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாளுக்குள், எல்லாக் குறைகளையும் ஒரே நோட்டீஸில் சொல்லிவிட வேண்டும். பையரிடம் கேட்கிறோம் என்று நாளைக் கூட்ட முடியாது. தாமதித்தால் குறை சொல்லும் உரிமையே போய்விடும். இதை கவுண்டரில் யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை.

அந்த நோட்டீஸ், வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக, எம்.டி. 734 என்ற தகவலாக வரும். நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேதியைப் பார்க்காமல் தள்ளுபடிக்குச் சம்மதிக்காதீர்கள். பேப்பரை 'கலெக்ஷனில்' (எல்.சி. உறுதி இல்லாமல், பையரிடம் வசூலிக்க மட்டும்) அனுப்பலாம் என்று வங்கி நீட்டும் கடிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டால் எல்.சி. தந்த பாதுகாப்பு கைவிட்டுப் போய், பையர் மனது வைத்தால்தான் பணம் என்றாகிவிடும்.