தூண்டில் நரம்பும் கால் நரம்பும்

சர்க்கரை நோயாளிகளின் காலைச் சோதிக்க என் மேஜை இழுப்பறையில் ஒரு சின்னக் கருவி உண்டு. பேனா மாதிரி ஒரு கைப்பிடி, நுனியில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு நைலான் இழை. உள்ளங்காலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் இழை வில்லாக வளையும். வளையும்போது "படுதா?" என்று கேட்பேன். படவில்லை என்றால், அந்த இடத்தில் காலைக் காக்கும் உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம்.

காட்பாடியிலிருந்து வந்த ஒருவர், கண்ணை மூடச் சொன்னால் மூடாமல் இழையையே பார்த்துச் சிரித்தார். "டாக்டர், இது நம்ம தங்கூஸ் நரம்புதானே? எத்தனை பவுண்டு?"

சிரிக்கிற நிலையில் அவர் கால் இல்லை. வலது பாதம் முழுக்கத் தோல் வழன்று கொப்புளம் உடைந்திருந்தது. ஆனாலும் அவர் கேட்டது சரிதான். தூண்டிலில் கட்டுவதற்கும் உடம்புக்குள் ஓடுவதற்கும் தமிழில் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம். நல்ல தோல் இருந்த இடது காலில் பத்து இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு இடத்தில் "படல டாக்டர்" என்றார். அந்தக் கால்களோடுதான் மாதம் இரண்டு தடவை பழவேற்காடு உவர்நீர் ஏரிக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நடந்து, லூர் என்ற பொய் இரையை எறிந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அதே கிறுக்கு உண்டு. அதனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை.

பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று எந்த மாவட்டத்துக்கும் கடல் கிடையாது. பாலாற்றில் தண்ணீரே விருந்தாளி மாதிரிதான். 2021 நவம்பரில் அது கரைபுரண்டு வந்தபோது வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். நம் ஊர்ப் பிள்ளைகள் லூர் போடக் கற்றுக்கொண்டது ஏரிகளில், விராலிடம். அல்லி இலை மேல் ரப்பர் தவளையை எறிந்து தத்தித் தத்தி இழுத்து வந்தால், கீழிருந்து ஒரு வாய் பிளந்து கவ்வும். அங்கே நாம் நிற்பது கரையில். பாடமெல்லாம் கையில்தான். உப்புத் தண்ணீரில் ஆழமில்லாத திட்டுகளுக்குப் போனால் பாதிப் பாடம் காலுக்கு வந்துவிடுகிறது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்பவர்களுக்கு இந்தப் பாதி தெரிவதே இல்லை. கேமரா காட்டுவது கம்பையும் மீனையும்தான், காலை யாரும் காட்டுவதில்லை.

முதல் தடவை போனபோது நான் வாங்கிப் போனது 28 கிராம் இரும்புக் கரண்டி லூர். தூரம் போகும் என்று கடையில் சொன்னார்கள். போனது. போய் விழுந்த இடத்திலிருந்து சேற்றை உழுதுகொண்டே திரும்பி வந்தது. முழங்கால் தண்ணீரில் எடை எதிரி. இப்போது நான் எடுத்துப்போவது ஐந்திலிருந்து ஏழு கிராம் ஈயத்தலை முள்ளில் கோத்த மூன்று அங்குல ரப்பர் மீன். அப்புறம், தண்ணீர் மட்டத்திலேயே பொளக் பொளக்கென்று வரும் ஒரு மிதவை லூர், அவ்வளவுதான். ஏழடிக் கம்பு, மெல்லிய பின்னல் நரம்பு, அதன் முனையில் ஒன்றரை முழத்துக்குத் தடித்த தங்கூஸ். அந்தத் தடித்த துண்டு இல்லாவிட்டால் கொடுவா ஒரே உதறில் அறுத்துவிடும். அதன் செவுள் மூடியின் ஓரம் பிளேடு.

நேரமும் முக்கியம். நம் கரையில் ஓதம் பெரிய ஏற்ற இறக்கம் கொண்டதல்ல. அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் தண்ணீரே முழங்கால் அளவு இருக்கும் இடத்தில் ஒரு சாண் வற்றினாலும் எல்லாம் மாறிவிடும். தண்ணீர் நிறைந்து நிற்கும்போது மீன் எங்கே வேண்டுமானாலும் இருக்கும், அதாவது எங்கேயும் இல்லை. வற்றத் தொடங்கியதும் திட்டின் மேல் மேய்ந்த மடவைக் குஞ்சுகளும் இறாலும் தண்ணீரோடு சேர்ந்து பக்கத்து ஓடைக்குள் இறங்கியாக வேண்டும். கொடுவா அந்த வாசலில் காத்திருக்கும். வாசலுக்கு மேலே எறிந்து, தண்ணீர் போகிற போக்கிலேயே லூரை வரவிட வேண்டும். இழு, நிறுத்து, இழு. நிறுத்தும்போதுதான் அடிக்கும். அந்த அடி கண்ணுக்குத் தெரியாது. கம்பு வழியாக ஆள்காட்டி விரலுக்கு ஒரு "டொக்" வரும். விரலில் உணர்ச்சி மழுங்கியவருக்கு அதுவும் வராது என்பது இத்தனை வருஷம் மருத்துவம் பார்த்தும் எனக்கு முழங்கால் தண்ணீரில் நின்றபோதுதான் உறைத்தது.

(பெரிய கொடுவா மாட்டினால் விட்டுவிடுங்கள். ஆணாகப் பிறந்து வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன் அது. பெரியதெல்லாம் அநேகமாகத் தாய்.)

நடக்கக் கற்றுக்கொடுத்தவர் அங்குள்ள படகுக்காரப் பெரியவர். நான் நாரை மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "சார், காலத் தூக்காதீங்க. தேச்சுக்கினே வாங்க." சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கையின் முதுகில் மிதித்தால் அது வாலை வளைத்துக் கணுக்காலில் குத்தும். பாதத்தைத் தரையோடு தேய்த்துப் போனால் அதிர்வு முன்னாடியே போய்ச் சேரும். அது விலகிப் போய்விடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தேய்த்து நடப்பவன் வேகமாக நடக்க முடியாது, சளக் சளக்கென்று சத்தமும் வராது. மீனும் கலையாது.

அங்கே இறால் தடவும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கலங்கிய தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்து ஓலைப் பறியில் போடுகிறார்கள். வெறுங்கால். சிப்பி ஓடு எது, நண்டு எது, மண் எது என்பது அவர்கள் கால் விரலுக்குத் தெரியும். அவர்களைப் பார்த்துவிட்டு நாமும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினால், அவர்களுக்கு இருக்கிற கால் நமக்கு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. பழவேற்காட்டில் எந்த ஊர்க்காரர் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடலாம் என்பதற்குப் 'பாடு' என்று முறை வைத்திருக்கிறார்கள். ஏரியில் பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. கேட்காமல் இறங்கக் கூடாது. பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

இனி காட்பாடிக்காரர் கதை. அவரைக் குத்தியது திருக்கைதான், வலது வெளிக்கணுவுக்கு மேல். அந்த இடத்தில் உணர்ச்சி கொஞ்சம் மிச்சமிருந்ததால் வலியில் துடித்திருக்கிறார். கூட வந்தவர்கள் விவரமானவர்கள். திருக்கை விஷம் சூட்டில் சிதையும், வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும் என்று எங்கோ படித்திருக்கிறார்கள். அது உண்மை, நானும் அதைத்தான் சொல்வேன். டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் வாங்கி, பெயின்ட் வாளியில் ஊற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவி, காலை உள்ளே வைத்துவிட்டு, "சூடு தாங்குதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர், "நல்லா இதமா இருக்கு" என்றிருக்கிறார். அரை மணி நேரம். இடையில் ஆறிவிட்டது என்று இரண்டு தடவை கொதிநீர் சேர்த்திருக்கிறார்கள்.

திருக்கை போட்ட ஓட்டை மூன்று வாரத்தில் மூடிவிட்டது. வெந்நீர் போட்ட புண்ணுக்கு நான்கு மாதமும் ஒரு சுண்டு விரலும் ஆயிற்று.

45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிவிடலாம். படகில் யார் வெப்பமானி வைத்திருக்கிறார்கள்? குழந்தையைக் குளிப்பாட்டும் முன் பாட்டி முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பாளே, அதே கணக்குதான். ஆனால் பார்ப்பது அடிபட்டவரின் கையாக இருக்கக் கூடாது. சர்க்கரை இல்லாத இன்னொருவருடைய முழங்கையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வெந்நீர் சேர்க்கும்போதும் காலை வெளியே எடுத்துவிட்டு, கலக்கி, மறுபடி பார்க்க வேண்டும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வைக்கலாம். கெளுத்தி முள் குத்தினாலும் இதே வைத்தியம். வலி அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், முள்ளின் துணுக்கு உள்ளே ஒடிந்திருக்கலாம். டெட்டனஸ் தடுப்பூசி விஷயமும் இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவின் டிவி புகழ் ஸ்டீவ் இர்வின் திருக்கை முள் மார்பில் பாய்ந்து இறந்ததை வைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அது மிக அரிது. மார்பு, வயிறு, கழுத்தில் பாய்ந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

வலி இல்லாத கால்தான் ஆபத்தான கால் என்பதை உலகத்துக்குச் சொன்னதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியில்லாததால் பட்ட அடிமேல் அடியில்தான் போகின்றன என்று காட்டினார். பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இன்றும் அந்த வேலை நடக்கிறது. உணர்ச்சியற்ற காலுக்காக எம்சிஆர் என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்துத் தைக்கும் செருப்பை அன்று தொழுநோயாளிகள் போட்டார்கள், இன்று சர்க்கரை நோயாளிகளும் போடுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோலும் ஷூவும்தான். இத்தனை ஷூ தைக்கிற சீமையிலிருந்து கடலுக்குப் போகிறவன், செருப்பைக் கரையில் விட்டுவிட்டு இறங்குகிறான்!

எம்சிஆர் செருப்பு சேற்றுக்கு ஆகாது, வழுக்கும், சேறு உறிஞ்சிக்கொள்ளும். கணுக்காலை மூடுகிற, அடி தடித்த, தண்ணீர் வடிகிற பூட்ஸ் வேண்டும். திருக்கை முள்ளை அது முழுக்கத் தடுக்கும் என்று சொல்லமாட்டேன். சிப்பி ஓட்டையும் கீழே கிடக்கும் முள்ளையும் தடுக்கும். போடும் முன் கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். சாதாரணக் கால், உள்ளே ஒரு மணல் பரல் இருந்தால் பத்தாவது அடியில் நின்று உதறிவிடும். உணர்ச்சியற்ற கால் மூன்று மணி நேரம் அதன் மேலேயே நடக்கும். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். மீனைத்தான் இருபது போட்டோ எடுக்கிறோமே.

காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அன்று தண்ணீரில் இறங்கவே வேண்டாம். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. சர்க்கரை உள்ளவர்களிடமும், குடித்துக் கல்லீரல் கெட்டவர்களிடமும் அவற்றில் ஒன்று ஒரே நாளில் காலையே தின்றுவிடக்கூடும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு மணிக்கு மணி பரவுகிறது, ஊதா நிறத்தில் கொப்புளம் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் முதல் வாக்கியமாக "உப்புத் தண்ணீரில் பட்ட காயம்" என்று சொல்லுங்கள். கொடுக்கும் மருந்தே மாறும்.

லூரோடு வரும் மூன்று கொக்கி முள்ளை வாங்கிய அன்றே கழற்றி ஒற்றை முள் மாட்டி, அதன் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்திவிடுகிறேன். ஒன்றிரண்டு மீன் நழுவும். பரவாயில்லை. தோலில் முள் ஏறினால் தங்கூஸ் சுருக்குப் போட்டு வெடுக்கென்று எடுக்கும் முறை ஒன்று 1961-லேயே ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்திருக்கிறது. பழகிய கைக்கு அது நல்ல முறை. கண்ணிலும் சர்க்கரைக் காலிலும் அதை முயற்சி செய்யாதீர்கள். கண்ணில் பட்டால் மேலே ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து, அழுத்தாமல் ஒட்டி, நேராக ஆஸ்பத்திரி. முகத்தில் போலராய்டு கண்ணாடி இருந்தால் இந்தப் பேச்சே வராது. தண்ணீரின் பளபளப்பும் போய், திருக்கை படுத்திருக்கும் பள்ளமும் தெரியும்.

காட்பாடிக்காரரை மீன்பிடிக்கப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார். தண்ணீரில் இறங்கக் கூடாது, படகில் உட்கார்ந்து எறியலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். கை விரல்களையும் இழை வைத்துச் சோதித்தேன், நன்றாக இருக்கின்றன. போன மாதம் ஒரே காரில், நடுராத்திரி கிளம்பி, அரக்கோணம், திருவள்ளூர் வழியாகப் போனோம். நான் பூட்ஸ் மாட்டி, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து மூன்று மணி நேரம் நடந்ததில் ஒரே ஒரு கெளுத்தி. ஓடை வாசலில் படகைக் கட்டிக்கொண்டு, ஷூவோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் இரண்டாவது கொடுவாவை வலைக்கூடையில் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கிருந்தே கத்தினார்:

"டாக்டர், படுதா?"