வண்டியை எங்கே விட்டேன்?

காட்பாடி ஸ்டேஷனில் காலையில் வண்டியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்வரும் சீசன் டிக்கெட்காரர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ராத்திரி இறங்கி, சாவியைக் கையில் பிடித்தபடி, ஸ்டாண்டில் வரிசை வரிசையாகத் தேடுவது. நான் வாரத்துக்கு ஒருமுறையாவது தேடுவேன். ‘வயசாகுதில்ல’ என்று வீட்டில் கேலி.

வயதை ஏன் இழுக்க வேண்டும்? தினமும் அதே ஸ்டாண்டில் விடுவதுதான் கோளாறு. நேற்று தூண் பக்கம், முந்தாநாள் சுவரோரம், இன்று வேறெங்கோ. ஒரே சாயலில் இருக்கும் நினைவுகள் ஒன்றோடொன்று கலந்து, எது இன்றையது என்று பிரிக்க முடியாமல் போகிறது. இதைக் குறுக்கீடு என்கிறார்கள். ஏலகிரிக்கு வருஷத்துக்கு ஒருதரம் போகிறேன். அங்கே வண்டி விட்ட இடம் மறந்ததே இல்லை.

சில விஷயங்களை நாம் மறப்பதுகூட இல்லை, அவை உள்ளேயே போவதில்லை. தினமும் புழங்கும் புதிய பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம்? சட்டென்று சொல்பவர்கள் குறைவு. கோனார்க் சூரியக் கோயில். கண் பார்த்தது, கவனம் பார்க்கவில்லை.

கவனித்ததைப் பதிய வைப்பதில் மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸுக்குப் பெரிய பங்கு உண்டு. இது தெரியவந்த கதை கொஞ்சம் சோகமானது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்த, இரண்டு பக்கமும் அந்தப் பகுதியில் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரையச் சொல்லி அவரைப் பழக்கினார். நாளுக்கு நாள் கோடு திருந்தியது. ‘இதை நான் வரைந்ததே இல்லையே’ என்றுதான் அவர் நினைத்தார். கை கற்றது அவருக்கே தெரியவில்லை!

அப்படியானால் மறந்தது முழுக்க அழிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-ல் வெளியிட்டார். எத்தனை அசை ஞாபகம் இருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து மிச்சம் 44 சதவீதம். ஒரு நாளில் 34. அப்புறம் சரிவு மெதுவாகிவிடுகிறது. ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதம் மிச்சம். நம்ம பாலாறு மாதிரி. பாலத்திலிருந்து பார்த்தால் வெறும் மணல், தோண்டினால் ஊற்று.

எங்கே தோண்டுவது என்பதுதான் சிக்கல். 1975-ல் கோடன், பேட்லி இருவரும் முக்குளிப்பவர்களை வைத்துச் சோதித்தார்கள். தண்ணீருக்கடியில் படித்த சொற்கள் கரையில் இருந்ததைவிடத் தண்ணீருக்கடியிலேயே அதிகம் நினைவுக்கு வந்தன. எதற்காகச் சமையலறைக்கு வந்தோம் என்று மறந்துபோனால், கிளம்பிய நாற்காலிக்கே திரும்பிப் போய்ப் பாருங்கள். பல நேரம் வந்துவிடும்.

நானும் இப்போது ஸ்டாண்டில் ஓர் அடையாளம் பிடித்துக்கொள்கிறேன். போன வாரம், ‘சீட் கிழிந்த டிவிஎஸ் எக்ஸெல் பக்கத்தில்’ என்று இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். ராத்திரி அதெல்லாம் அச்சு மாறாமல் ஞாபகம் இருந்தது. அந்த எக்ஸெல்தான் கிளம்பிப் போயிருந்தது.