மரவள்ளியில் அந்தப் பழுப்பு உருண்டைகள் மேல் மருந்து அடிக்காதீர்கள்

எத்தனை பேர் இதே போட்டோவை அனுப்பினார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். மரவள்ளி இலையின் அடிப்பக்கம், வெள்ளையாக மாவுப்பூச்சி, நடுநடுவே உப்பிப்போன பழுப்பு உருண்டைகள். கடைசியாக அனுப்பியவர் வாழப்பாடிப் பக்கம். "சார், புதுசா இன்னொரு பூச்சி வந்திருக்குதுங்க, ரெண்டு மருந்தைக் கலந்து அடிச்சுட்டேன், சரிதானுங்களே?" அடித்து முடித்துவிட்டுக் கேட்டால் நான் என்ன சொல்வது?

அது புதுப் பூச்சி இல்லை. செத்த மாவுப்பூச்சி. உங்களுக்காகக் குளவி ஒன்று கொன்று வைத்தது. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது அந்தக் குளவி, கண்ணில் பட்டாலும் கொசு என்று நினைப்பீர்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளேயே தின்று வளரும், மேல்தோல் பழுப்பாக இறுகிவிடும். அந்த உருண்டையில் ஓட்டை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது, இல்லையென்றால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், பழுப்பு உருண்டை நிறைய இருக்கும் வயல்தான் தேறப்போகும் வயல். அங்கே போய் மருந்து அடித்தால் வெளியே பறக்கும் குளவிதான் முதலில் சாகும். மாவுப்பூச்சி மெழுகைப் போர்த்திக்கொண்டு, சுருண்ட நுனிக்குள் பத்திரமாக இருக்கும். கொஞ்ச நாளில் மறுபடி பெருகும், நீங்கள் மறுபடி கடைக்குப் போவீர்கள்.

இந்த மாவுப்பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் நாட்டில் 2020இல் திருச்சூரில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் சேலம், நாமக்கல் எல்லாம் பரவி ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் வரை புலம்ப வைத்தது. எழுபதுகளில் இதே பூச்சி ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடத் தொடங்கியது, எண்பதுகளில் பராகுவேயிலிருந்து இந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். அந்த வேலைக்கு ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் பூச்சியியலாளருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலேயே வெளியிட்டார்கள். கண்டம் தாண்டி வந்ததைக் கைத்தெளிப்பானால் கொல்கிறோம். பப்பாளி மாவுப்பூச்சியையும் 2010க்குப் பிறகு ஒரு குளவிதான் அடக்கியது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"மரவள்ளி வறட்சி தாங்குமே" என்பார்கள். தாங்கும். ஆனால் இந்தப் பூச்சிக்கும் வறட்சிதான் கொண்டாட்டம். ஓங்கி அடிக்கும் மழைதான் அதை இலையிலிருந்து கழுவித் தள்ளும், அந்த மழைதான் இப்போது வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை. கோடை நீள நீள இது பெருகும். அதனால் தண்ணீர் வசதி இருப்பவர்கள் வெயில் மாதங்களில் பயிரைக் காயப் போடாதீர்கள். வாடிய செடி இன்னும் மோசமாக அடிபடும்.

நுனி கொத்தாகச் சுருங்கிவிட்டதா, இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு உருண்டை இருந்தால் மருந்தைத் தொடாதீர்கள். உருண்டை ஒன்றுமே இல்லை, மாவு மட்டும் அப்பியிருக்கிறது என்றால் நுனியை ஒடித்துக் கோணிப்பையில் போட்டு எரியுங்கள். வரப்பில் வீசினால் அங்கிருந்து ஏறும். எறும்பு நடமாட்டத்தையும் பாருங்கள், மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை விரட்டும். இளம்பயிரில் குளவியே வராமல் பூச்சி மிஞ்சிப்போனால் மருந்து தேவைப்படலாம், மறுக்கவில்லை, ஆனால் எதை எவ்வளவு என்று ஏத்தாப்பூரிலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். கடைக்காரர் உங்கள் வயலைப் பார்த்ததில்லை.

தயவுசெய்து இன்னொன்று. பூச்சி விழுந்த தோட்டத்து நடவுக் குச்சி மலிவாகக் கிடைக்கிறது என்று டெம்போவில் ஏற்றி வந்து நடாதீர்கள். முள்ளுவாடியோ குங்குமரோஸோ, எந்த ரகமானாலும் வெட்டும் முன்னே அந்தத் தோட்டத்தை நேரில் போய்ப் பாருங்கள். நடும் முன் குச்சியை மருந்துக் கரைசலில் முக்கி எடுக்கும் முறை இருக்கிறது, அளவையும் ஏத்தாப்பூரிலோ சந்தியூரிலோ சொல்வார்கள்.